"நீ என்ன நினைக்கிற?"ன்னு திருப்பிக் கேட்டா புள்ளைங்க கத்துக்குமா?

கேள்வி, 8 ஜூலை 2024

என் பையன் ரெண்டாம் வகுப்பு. பக்கத்துல புதுசா வந்த ஸ்கூல்ல சேர்த்திருக்கேன். இன்கொயரி முறைலதான், அதாவது புள்ளைங்களே கேட்டுத் தேடிக் கத்துக்குற மாதிரிதான் பாடம்னு சொன்னாங்க. நோட்டைத் திறந்தா ஒண்ணுமே இல்ல. அதைவிட, பையன் என்ன கேட்டாலும் மிஸ் "நீ என்ன நினைக்கிற?"ன்னு திருப்பிக் கேக்குறாங்களாம். இப்ப அவன் ஸ்கூல்ல கேக்குறதையே நிறுத்திட்டான், வீட்ல வந்து என்னைத்தான் கேக்குறான். இந்த வயசுல சொல்லிக் குடுத்தாத்தானே வரும்? டீச்சருங்க யாராவது இருந்தா உண்மையைச் சொல்லுங்க.

9 ஜூலை

நோட்டு வெறுமையா இருக்குறது ரெண்டாவது விஷயம். பையன் கேக்குறதை நிறுத்திட்டான் பாருங்க, அதுதான் எனக்குப் படிச்சதும் பக்குன்னுச்சு.

நான் 19 வருஷமா ஒண்ணு ரெண்டு மூணாம் வகுப்புதான் எடுக்குறேன். தூத்துக்குடி மாவட்டத்துல தேரிக்காடு பக்கம், செம்மண்ணும் பனையும்தான் எங்க ஊரு. உங்க பையனோட மிஸ் பண்ற அதே தப்பை நானும் பண்ணியிருக்கேன். ஒரு வருஷம் ஒரு சின்னப் பொண்ணு வேலில இருந்து ஒரு காயைப் பறிச்சுட்டு வந்து "டீச்சர் இது பேரு என்ன?"ன்னு கேட்டா. நான் பெருசா ட்ரெயினிங்ல கத்துக்கிட்ட மாதிரி "நீ என்ன பேரு வைப்ப?"ன்னேன். அவ என்னை ஒரு நிமிஷம் பாத்துட்டு, பக்கத்துல இருந்தவகிட்ட "டீச்சருக்குத் தெரியல"ன்னு சொல்லிட்டு காயைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டா. கோவைக்காய்னு ஒரு வார்த்தைல சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா அவ அதைப் பிளந்து உள்ள பாத்திருப்பா, அடுத்த கேள்வி வந்திருக்கும்.

பேரு எல்லாம் ஊரு சேர்ந்து வச்சது. எவ்வளவு நேரம் காயையே பாத்துட்டு இருந்தாலும் அதோட பேரு தெரியாது. யாராவது சொன்னாத்தான் உண்டு.

9 ஜூலை, ராத்திரி

காலைல அவசரமா எழுதினது பாதிலயே நின்னுடுச்சு. நான் என் வகுப்புக்கு வச்சுக்கிட்ட கணக்கு இதுதான்: ஒரு கேள்வி வந்ததும் இதை ஆளுகிட்ட கேக்கணுமா, பொருளுகிட்ட கேக்கணுமான்னு மொதல்ல பாப்பேன். பேரு, எழுத்து, இந்தச் சத்தத்துக்கு இந்த வடிவம்ங்கிறது, வாரத்துக்கு ஏழு நாளுங்கிறது, கரண்டு வயரைத் தொடக்கூடாதுங்கிறது, இதெல்லாம் ஆளுகிட்ட கேக்க வேண்டியது, உடனே சொல்லிடணும். இது மிதக்குமா, இது எதைத் திங்கும், இதைத் திருப்பி வச்சா என்ன ஆகும், இதெல்லாம் அந்தப் பொருளே சொல்லும், அதுகிட்ட கேக்கவிடணும். புள்ளைங்க எப்படி யோசிக்குதுன்னு ஆராய்ஞ்ச பியாஜே கூட இந்த ரெண்டையும் தனித்தனி அறிவாத்தான் பிரிச்சிருக்காரு, மூணாவதா ஒண்ணு இருக்கு, எண்ணிக்கை மாதிரி, அது புள்ளை தன் மண்டைக்குள்ளயே கட்டிக்கிறது.

உங்க பையன் என்ன கேட்டப்ப மிஸ் திருப்பிக் கேட்டாங்கன்னு ஒரு வாரம் கவனிச்சுப் பாருங்க. ஆளுகிட்ட கேக்க வேண்டியதை எல்லாம் திருப்பி விட்டா அவன் நிறுத்தத்தான் செய்வான், அவன் மேல தப்பே இல்ல.

11 ஜூலை

"பொருளுகிட்ட கேக்குறதுன்னா என்ன, எங்க ஊர்ல லேப் இல்ல"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காங்க. லேப் வேணாம். எங்க பள்ளிக்கூடத்து வராண்டா ஓரம், மழைத் தண்ணி படாத எடத்துல, பொடி மண்ணுல குட்டிக் குட்டியா கூம்பு மாதிரி குழி இருக்கும். அதுக்குள்ள ஒளிஞ்சிருக்குற பூச்சிதான் குழியானை. நாம எல்லாரும் சின்ன வயசுல எடுத்து உள்ளங்கைல வச்சு விளையாடினதுதான்.

திங்கக்கிழமை சத்துணவு முடிஞ்சு கை கழுவிட்டு வந்தப்ப ரெண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் குனிஞ்சுக்கிட்டே நிக்கான், மணி அடிச்சும் வரல. "ஏல வா"ன்னு கூப்பிட்டா "டீச்சர் உள்ள இருந்து எவனோ மண்ண எறியுதான்"ன்னான். போய்ப் பாத்தா ஒரு கட்டெறும்பு குழிக்குள்ள சறுக்குது, ஏறப் பாக்குது, கீழ இருந்து மண்ணு விசிறி விசிறி வருது, ஒவ்வொரு தடவை மண்ணு விழும்போதும் எறும்பு காலுக்கடில சரிஞ்சு இன்னும் கீழ போவுது. கடைசில ரெண்டு கொடுக்கு வெளிய தெரிஞ்சுச்சு, எறும்பு மண்ணுக்குள்ள போயிடுச்சு. அந்தப் பையன் மூச்சே விடல. அப்புறம் வகுப்பு மொத்தமும் வராண்டாவுல குப்புறப் படுத்துக் கெடந்துச்சு, நானும் படுத்தேன்.

அன்னிக்கு நடத்த வேண்டிய பாடத்தை நடத்தல. அதுங்க கேட்டதை அப்படியே கரும்பலகைல எழுதினேன்: உள்ள எத்தனை இருக்கு, அது ஏன் பின்னால போவுது, எறும்பு மட்டுந்தான் திங்குமா, தண்ணி குடிக்குமா, அதுக்கு அம்மா எங்க, ராத்திரி தூங்குமா, ஆயி போவுமா. இன்னும் இருக்கு, மறந்துட்டேன்.

12 ஜூலை

சிலபஸ் எப்ப முடிப்பீங்கன்னு கேக்குறவங்களுக்கு. நான் அரசாங்கத் திட்டத்துக்கு வெளிய ஒண்ணும் பண்ணல. நான் வேலைக்கு வந்த ரெண்டாவது வருஷமோ மூணாவது வருஷமோ செயல்வழிக் கற்றல் வந்துச்சு. 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சு 2007-08-ல மாநிலம் பூரா வந்தது, ஆந்திராவுல ரிஷிவேலிப் பள்ளிக்காரங்க செஞ்ச அட்டைமுறைதான் அதுக்கு மூலம். ஏணி, அட்டை, தட்டு, கம்பிப்பந்தல், புள்ளைங்க உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, எல்லாம் என் கையால பண்ணியிருக்கேன். மேசையை விட்டு இறங்கித் தரைல பாய்ல உக்காந்து சொல்லிக் குடுக்கணும்னு எனக்குக் கத்துக் குடுத்தது அதுதான், அந்த நன்றி எப்பவும் உண்டு. ஆனா அட்டைல இருக்குற கேள்வி அட்டையோட கேள்வி. புள்ளையோட கேள்வி வேற. இப்ப 2022-ல இருந்து எண்ணும் எழுத்தும் திட்டம், புள்ளைங்க நிலைக்கு ஏத்த மாதிரி அரும்பு மொட்டு மலர்னு குழு. அதுல எழுத்தும் கணக்கும் வந்தே ஆகணும், எனக்கும் அதுல மாத்துக் கருத்தே கெடையாது. மூணாம் வகுப்பு முடிச்சும் வாசிக்கத் தெரியாத புள்ளைக்கு நான் குழியானை காட்டினேன்னு சொல்லிப் பெருமைப்பட முடியாது.

17 ஜூலை

நோட்டு விஷயத்துக்கு வரேன், அப்பா அதைத்தான் மறுபடி கேட்டிருக்காரு.

ஒண்ணாம் வகுப்புக்கு ஸ்கேல் பிடிக்கத் தெரியாது. "எது பெரிய குழி"ன்னு சண்டை வந்துச்சு, ஆளாளுக்கு "என்னதுதான் பெருசு"ன்னு. நான் "சண்டை போடாம எப்படிக் காட்டுவீங்க"ன்னு மட்டும் கேட்டேன். ஒருத்தி வெளக்கமாத்துல இருந்து ஈர்க்கு ஒண்ணை உருவிட்டு வந்து குழி வாய்க்குக் குறுக்க வச்சு நகத்தால கிள்ளினா. அவ்வளவுதான், அன்னிக்கு வெளக்கமாறு பாதி காலி, ஆயாம்மாகிட்ட நான் திட்டு வாங்கினேன். ஒவ்வொரு குழிக்கும் ஒரு ஈர்க்குத் துண்டு, அதை நோட்டுல கஞ்சிப் பசை தடவி ஒட்டினாங்க, சின்னதுல இருந்து பெருசுக்கு வரிசையா. ஏழு துண்டு ஒட்டின பக்கத்தைத் தூரத்துல வச்சுப் பாத்தா படிக்கட்டு மாதிரி இருக்கு. மூணாம் வகுப்பு அதையே ஸ்கேல்ல வச்சு எழுதுச்சு, பெரியது நாலரை செ.மீ.

எழுத்தும் அதுலயே வந்துச்சு. மத்த வகுப்புப் புள்ளைங்க மிதிச்சுடுறாங்கன்னு பலகை வைக்கணும்னாங்க. "இங்க குழியானை இருக்கு மிதிக்காதீங்க". ஜூன் மாசம் பூரா ழகரத்தைப் பாத்தாலே பென்சிலைக் கீழ போடுற பையன் ஒருத்தன் "ழி எப்படிப் போடணும் டீச்சர்"னு அவனா வந்து கேட்டான். நான் திருப்பிக் கேக்கல. கையைப் பிடிச்சுப் போட்டுக் காட்டினேன்.

அதனால நோட்டு சுத்தமா வெறுமையா இருந்தா எனக்கும் சந்தேகம் வரும். பாத்ததை வரைஞ்சோ எண்ணியோ ஒட்டியோ வைக்கலைன்னா மறுநாள் சண்டை போடக் கையில ஆதாரம் இருக்காது. அந்த ஸ்கூல்ல போய் "என் பையன் பாத்ததை எங்க பதிஞ்சு வச்சிருக்கான்"னு கேளுங்க, "பாடம் எழுதலையா"ன்னு கேக்காதீங்க. அந்தக் கேள்விக்கு அவங்க சொல்ற பதில்லயே தெரிஞ்சுடும்.

18 ஜூலை

ஒரு அக்கா கீழ எழுதியிருக்காங்க, "ஏன்னு கேக்கப் பழக்கணும், அதுதான் விஞ்ஞானம்"னு. நானும் அப்படித்தான் ரொம்ப நாள் நெனச்சேன். இப்ப ஆறு ஏழு வயசுப் புள்ளைங்ககிட்ட நான் "ஏன்"னு ஆரம்பிக்கிறது இல்ல. அது கேட்டா கேக்கட்டும், நான் கேக்க மாட்டேன். "ஏன் பின்னால போவுது?"ன்னு டீச்சர் கேட்டா அதுக்குச் சரியான பதில் ஒண்ணு டீச்சர் மடில இருக்குன்னு புள்ளைக்குத் தெரியும், உடனே நம்ம மூஞ்சியைப் பாத்து ஊகிக்க ஆரம்பிச்சுடும். "முன்னால போவ வைக்க முடியுமா?"ன்னு கேட்டுப் பாருங்க, கண்ணு மண்ணுக்குப் போயிடும்.

இது என் கண்டுபிடிப்பு இல்ல. 1960-கள்ல ஆப்பிரிக்க நாடுகள்ல தொடக்கப்பள்ளி அறிவியலுக்குன்னு ஒரு திட்டம் நடந்துச்சு. டான்சானியால மொரோகோரோ ஆசிரியர் கல்லூரில இருந்த யோஸ் எல்ஸ்ட்கீஸ்ட்னு ஒரு டச்சுக்காரர் இதே குழியானையை வச்சுத்தான் பாடம் பண்ணினாரு, "குழியானையையே கேளு"ங்கிறதுதான் அதோட அடிப்படை. அவர் கேள்விகளைத் தரம் பிரிச்சாரு. கவனிக்க வைக்கிற கேள்வி, எண்ண அளக்க வைக்கிறது, ஒப்பிட வைக்கிறது, "இப்படிப் பண்ணினா என்ன ஆகும்"னு செய்ய வைக்கிறது, "இதைச் செய்ய ஒரு வழி கண்டுபிடி"ன்னு சவால் விடுறது. ஏன், எப்படி எல்லாம் கடைசிலதான், கையில அனுபவம் சேர்ந்த பெறகு. எங்கயோ ஆப்பிரிக்கால ஒரு வகுப்பும் இப்படி மண்ணுல குனிஞ்சு கெடந்துச்சுன்னு படிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

25 ஜூலை

மூணு சிரட்டை. ஒண்ணுல தேரிப் பொடிமண், ஒண்ணுல கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஆத்து மணல், ஒண்ணுல தண்ணி தெளிச்ச மண்ணு. "எதுல குழி தோண்டும்?"ங்கிறது மூணாம் வகுப்போட கேள்வி. ஒவ்வொண்ணுலயும் ஒரு குழியானையை விட்டாங்க. மறுநாள் காலைல பொடிமண்ணுல அழகான குழி, ஆத்து மணல்ல ஏனோதானோன்னு ஒரு பள்ளம், ஈர மண்ணுல ஒண்ணும் இல்ல. எல்லாரும் கைதட்டுறாங்க, ஒருத்தன் மட்டும் "அது சின்னது டீச்சர், அதான் சின்னக் குழி"ன்னான். பாத்தா உண்மைதான், ஆத்து மணல்ல விட்டது பொடிசு.

இந்த எடத்துல நான் சும்மா இருக்கல. "நீங்களே கண்டுபிடிங்க"ன்னு விட்டிருந்தா ஒரு வாரம் ஆகும், பாதிப் பேரு விட்டுட்டுப் போயிடுவாங்க. நேராவே சொல்லிக் குடுத்தேன்: மண்ணைப் பத்தித் தெரியணும்னா மண்ணு மட்டுந்தான் மாறணும், பூச்சி ஒரே சைஸ்ல இருக்கணும், சிரட்டை ஒரே எடத்துல இருக்கணும். ஓட்டப் பந்தயத்துல எல்லாரும் ஒரே கோட்டுல நிக்குற மாதிரின்னதும் பட்டுனு பிடிச்சுக்கிட்டாங்க. 2004-ல கிளார், நிகம்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க மூணாவது நாலாவது படிக்கிற புள்ளைங்ககிட்ட இதைத்தான் சோதிச்சிருக்காங்க, சாய்வுப் பலகைல பந்து உருட்டி. ஒண்ணை மட்டும் மாத்தணும்னு நேரடியாச் சொல்லிக் குடுத்தவங்கள்ல 77 சதவீதம் தேறினாங்க, தானா கண்டுபிடின்னு விட்டவங்கள்ல 23 சதவீதம்தான்.

26 ஜூலை

நேத்து எழுதினதைப் பிடிச்சுக்கிட்டு "அப்ப சொல்லிக் குடுக்குறதுதான் சரி, முடிஞ்சுது"ன்னு எழுதியிருக்கீங்க. முடியல. 2011-ல போனவிட்ஸ், லாரா ஷுல்ஸ்னு ஆராய்ச்சியாளருங்க சிலர் சேர்ந்து சின்னப் புள்ளைங்களுக்கு ஒரு பொம்மை குடுத்துப் பாத்தாங்க. அதுல நாலு வித்தை ஒளிஞ்சிருக்கு, கீச்சுனு கத்தும், லைட் எரியும், பாட்டு பாடும், உள்ள கண்ணாடி இருக்கும். "பாரு, இது இப்படித்தான் கத்தும்"னு ஒண்ணை மட்டும் சொல்லிக் குடுத்த புள்ளைங்க அதையே அமுக்கிட்டு இருந்துச்சாம், சொல்லிக் குடுக்காத புள்ளைங்க மத்ததையும் தேடிக் கண்டுபிடிச்சுச்சாம். டீச்சர் காட்டினா இவ்வளவுதான் இருக்குன்னு புள்ளை நம்பிடுது.

எனக்கு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேருது. எப்படிப் பாக்குறதுன்னு சொல்லிக் குடுக்கலாம், தாராளமா. அங்க என்ன இருக்குன்னு முந்திக்கிட்டுச் சொல்லக்கூடாது.

2 ஆகஸ்ட்

இன்னிக்கு ஒரு புள்ளை அழுதுச்சு. பசங்க எறும்பைப் பிடிச்சுப் பிடிச்சுக் குழில போட்டுட்டு இருந்தாங்க, ஒண்ணாம் வகுப்புப் பொண்ணு "அதுக்கு வலிக்கும்ல"ன்னு ஒரே அழுகை. பசங்க "குழியானைக்குப் பசிக்கும்ல"ங்கிறாங்க. எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல, ஏன்னா ரெண்டு பேர் சொல்றதும் சரி. இது பொருளுகிட்டயும் கேக்க முடியாது, நான் ஒருத்தி பதில் சொல்லியும் முடிக்க முடியாது. வட்டமா உக்காந்து பேசினோம், அரை மணி நேரம். கடைசில, யாரும் எறும்பைத் தூக்கிப் போடக்கூடாது, சிரட்டையை எறும்பு போற வழிக்குப் பக்கத்துல வைக்கலாம், தானா விழுந்தா விழட்டும்னு முடிவாச்சு. அழுத பொண்ணு அதுக்கும் முழுசா ஒத்துக்கல, "நான் பாக்க மாட்டேன்"னு சொல்லிட்டா. அவ பாக்கவே இல்ல, பொழுதன்னைக்கும் திரும்பி உக்காந்திருந்தா. அவளை நான் வற்புறுத்தவும் இல்ல.

9 ஆகஸ்ட்

பையன் வீட்ல கேக்குறான் ஸ்கூல்ல கேக்கலைன்னு மொதல்ல எழுதினீங்கல்ல, அதைப் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. லண்டன்ல பார்பரா டிஸார்ட், மார்ட்டின் ஹியூஸ்னு ரெண்டு பேரு நாலு வயசுப் பொண்ணுங்க 30 பேரோட பேச்சை வீட்லயும் நர்சரிலயும் பதிவு பண்ணினாங்க, 1984-ல அது வெளிவந்துச்சு. வீட்ல அம்மாகிட்ட மணிக்குச் சராசரியா 26 கேள்வி. நர்சரில டீச்சர்கிட்ட 2.

இதைப் படிச்சுட்டு நானும் ஒரு மணி நேரம் என் வகுப்புல சாக்பீஸால கோடு போட்டு எண்ணினேன். 17 கேள்வி. ஆனா அதுல 14 "தண்ணி குடிக்கவா, ஒண்ணுக்குப் போகவா, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, கோடு போடணுமா". அது எல்லாம் என் அனுமதிக்கான கேள்வி. அன்னிக்கு மத்தியானம் எனக்குச் சோறு எறங்கல. மறுநாள்ல இருந்து தண்ணிக்கும் ஒண்ணுக்கும் கேக்க வேணாம், கதவுல மாட்டியிருக்குற அட்டையைத் திருப்பிட்டுப் போங்கன்னு வச்சேன். அந்தச் சத்தம் குறைஞ்சதுலயே கொஞ்சம் எடம் கிடைச்சுது.

28 ஆகஸ்ட்

ரெண்டு விஷயம். குழியானை ஆயி போவுமாங்கிற கேள்வி ஞாபகம் இருக்கா, அதைக் கேட்ட பையன் விடவே இல்ல. தினமும் சிரட்டை மண்ணை வெள்ளைத் தாள்ல கொட்டிச் சல்லடை போட்டுப் பாத்திருக்கான். எறும்புத் தோடு இருக்கு, ஆயி இல்ல. "எங்க டீச்சர் போவுது?"ன்னான். நான் வீட்டுக்குப் போய் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், இந்தப் புழுப் பருவம் பூரா அதுக்கு வெளியேத்துற வழியே கெடையாதாம், எல்லாத்தையும் வயித்துக்குள்ள சேர்த்து வச்சுக்கிட்டு றெக்கை முளைச்சு வெளிய வந்ததும்தான் போகுமாம். மறுநாள் நேரா அவன்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். ஏழு வாரம் தேடினவனுக்குத்தான் அந்தப் பதில் இனிக்கும். அவன் மூஞ்சியைப் பாத்திருக்கணும். "அப்ப நான் பாத்தது சரிதான்"னான்.

இன்னொண்ணு, ஒரு சிரட்டைல குழி மூடிடுச்சு. செத்துப் போச்சுன்னு நெனச்சு மண்ணைச் சலிச்சா, புளியங்கொட்டை சைஸ்ல உருண்டையா ஒரு மண் குண்டு. நூல் விட்டு மண்ணை ஒட்டி ஒட்டிக் கட்டினது. கூட்டுப்புழு. இனிமே காத்திருக்கணும், தட்டானா வெளிய வரும்.

25 செப்டம்பர்

மேல நான் தட்டான்னு எழுதினது தப்பு. அதை அப்படியே விட்டு வைக்கிறேன், இங்க திருத்துறேன்.

இன்னிக்குக் காலைல வந்து பாத்தா வலை போட்டு மூடின டப்பாவுல, நாங்க சாத்தி வச்ச குச்சில ஒண்ணு தொங்குது. நீள வயிறு, கண்ணாடி மாதிரி நாலு றெக்கை. "தட்டான் வந்துடுச்சு"ன்னு நான்தான் மொதல்ல சத்தம் போட்டேன், ஏன்னா என் அம்மா அப்படித்தான் எனக்குச் சொல்லியிருக்காங்க. அந்த ஈர்க்குப் பொண்ணு கிட்டப் போய்ப் பாத்துட்டு "தட்டானுக்கு இப்படி மீசை கெடையாது டீச்சர்"னா. ஆமா. தட்டானுக்கு மீசை இருக்கா இல்லையான்னே தெரியாது, மயிர் மாதிரி குட்டியா இருக்கும். இதுக்கு நல்லா நீளமா, நுனில குண்டா, தீக்குச்சித் தலை மாதிரி. ஒரு பையன் ஓடிப் போய் செத்த தட்டான் ஒண்ணைப் பொறுக்கிட்டு வந்தான், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சோம். உக்காரும்போதும் வித்தியாசம், தட்டான் றெக்கையை விரிச்சு வச்சிருக்கும், இது கூரை மாதிரி வயித்து மேல மடிச்சு வச்சிருக்கு. வீட்டுக்கு வந்து சரிபாத்தேன். இது வேற குடும்பம், தட்டானோட குஞ்சு தண்ணிக்குள்ளதான் வளரும், மண்ணுல இல்ல.

குச்சிக்குக் கீழ ஒரு சின்ன உருண்டை கெடந்துச்சு. ஆயிப் பையன் அதைத் தாள்ல மடிச்சு வச்சிருக்கான், யாருக்கும் தரல.

இதுக்குத் தமிழ்ல என்ன பேருன்னு கேட்டாங்க. ஊருல யாருக்கும் தெரியல, எனக்கும் கிடைக்கல. இப்ப நான் தயங்காம "நீங்க என்ன பேரு வைப்பீங்க"ன்னு கேட்டேன். "மீசைத் தட்டான்"னு ஒரு கூட்டம், "அப்ப தட்டான் இல்லன்னு சொன்னதெல்லாம் எதுக்கு"ன்னு ஒரு கூட்டம், இன்னும் முடியல. ராத்திரில பறக்குற பூச்சிங்கிறதால சாயங்காலம் வேலிப் பக்கம் கொண்டு போய் விட்டாங்க.

16 அக்டோபர்

மழை ஆரம்பிச்சாச்சு, வராண்டா ஓரம் சாரல் அடிச்சு பாதிக் குழி போச்சு, சுவரோரம் ஒட்டி நாலஞ்சு இருக்கு.

பையனோட அப்பா தனியா எழுதியிருந்தாரு, வீட்டு மாடிப்படிக்கு அடில குழி இருக்காம், பையன் எடுக்கத் தெரியாம விரலால நேரா குத்தினதுல ஒண்ணு செத்துடுச்சாம், ரொம்ப வருத்தப்படுறானாம். அவன்கிட்ட இதைப் படிச்சுக் காட்டுங்க: குழிக்குள்ள விரலை விடாத. குழிக்கு ரெண்டு இஞ்ச் வெளிய ஒரு கரண்டியைச் சரிச்சு உள்ள விட்டு மண்ணோட சேர்த்து அள்ளு. தாள்ல மெதுவா கொட்டி அசையாம இரு, மொதல்ல செத்த மாதிரி கெடக்கும், கொஞ்ச நேரத்துல பின்னால நகரும். சிரட்டைல நாலு விரல் ஆழத்துக்குக் காஞ்ச பொடிமண்ணு போட்டு அதுல விடு. ஒரு சிரட்டைக்கு ஒண்ணுதான், ரெண்டு விட்டா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். ரெண்டு நாளு ஆகியும் குழி தோண்டலைன்னா எடுத்த எடத்துலயே விட்டுடு. தோண்டுச்சுன்னா எவ்வளவு அகலம்னு ஒரு ஈர்க்குல கிள்ளி ஒட்டி வை, எங்க மூணாம் வகுப்பு பாக்கணும்ங்குது.